கறுப்பு உதட்டுச்சாயமும் மரண கானாவும்

சில மாதங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல கறுப்பு குர்தா, கறுப்பு ஜீன்ஸ், கறுப்பு உதட்டுச்சாயம், கண்ணைச் சுற்றி அப்பிய மை, விரலில் மண்டையோட்டு மோதிரம். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர், முற்போக்கானவர்தான், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தபடி சொன்னார்: “தலித் வாழ்வியல் பத்தி ஆய்வு பண்றீங்கன்னு சொன்னாங்க. பாத்தா அப்படித் தெரியலையே.”

எப்படித் தெரிய வேண்டும் சார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ரயிலில் வரும்போதுதான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் லேட்டாகத்தான் வரும்.

நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர். அப்பா துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. 2007இல், எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, பக்கத்து வீட்டு அண்ணன் பர்மா பஜாரில் வாங்கிவந்த எம்பி3 சிடி ஒன்றில் எவனெசென்ஸ் பாட்டு இருந்தது. ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தக் குரலில் இருந்த இருட்டு எனக்குப் பழக்கமானதாக இருந்தது. அதன் வால் பிடித்துப் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துத் தேடித் தேடி தி க்யூர், சூசி அண்ட் தி பான்ஷீஸ், ஜாய் டிவிஷன், பவ்ஹவுஸ் என்று போய்ச் சேர்ந்தேன். எவனெசென்ஸெல்லாம் கோத்தே இல்லை என்று சண்டை போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். சாதிச் சண்டையைவிட அது பரவாயில்லை என்பதால் நான் கண்டுகொள்வதில்லை.

கோத் என்றால் என்னவென்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக. 1970களின் கடைசியில் இங்கிலாந்தில், பங்க் இசையின் வேகம் அடங்கும்போது பிறந்த இசை அது. தாழ்ந்த சுருதியில் பேஸ் கிதார், எதிரொலிக்கும் டிரம்ஸ், சாவையும் தனிமையையும் பேசும் பாடல்கள். பார்ப்பதற்கு டிராகுலா படத்திலிருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி உடை. ஜாய் டிவிஷன் வந்தது மான்செஸ்டர் பக்கத்து ஆலைப் பகுதியிலிருந்து. பவ்ஹவுஸ் வந்த நார்த்தாம்ப்டன் ஷூ தயாரிப்புக்குப் பேர்போன ஊர். புகைபோக்கிக்குக் கீழே வளர்ந்த பிள்ளைகளின் இசையில் ஏன் இவ்வளவு இருட்டு என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மணலி ஆலைகளின் நெருப்பு ராத்திரி முழுக்கத் தெரியும். டிராகுலா கோட்டைக்கு நான் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

‘கோத்’ என்ற சொல்லே ஒரு வசைச் சொல்லாகப் புழங்கியது என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். ரோமாபுரியைக் கைப்பற்றிய கோத் இனத்தாரின் பெயரை, மறுமலர்ச்சிக் கால இத்தாலியர்கள் தங்களுக்குப் பிடிக்காத கட்டடங்களின் மேல் ஒட்டினார்கள். காட்டுமிராண்டிகள் கட்டியது என்று பொருள்படும்படி. பிற்பாடு அதே பாணியில்தான் வெள்ளைக்காரன் நம்மூரில் சென்ட்ரல் ஸ்டேஷனைக் கட்டினான். இழிவாகச் சொன்ன பெயரை எடுத்து நெஞ்சில் குத்திக்கொள்வது நமக்கும் தெரிந்த அரசியல்தான்.

அந்த இருட்டு எனக்குப் பழக்கமானது என்றேனே, அது பழகியது மாமாவின் சாவில். அப்போது எனக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. மாமா காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை பார்த்தவர். வாசலில் ஷாமியானா, ஐஸ் பெட்டிக்குள் மாமா, தலைமாட்டில் ஊதுவத்திப் புகை. ராத்திரி பத்து மணிக்கு மேல் அவருடைய கூட்டாளிகள் ஒரு டோலக், வாடகை மைக், ஒரு ஆம்ப்ளிஃபயரோடு வந்து உட்கார்ந்தார்கள். விடியும்வரை பாடினார்கள். மாமா எப்போது சிரிப்பார், யாரிடம் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்கவில்லை, அத்தையை எப்படிக் காதலித்தார் எல்லாம் பாட்டில் வந்தது. நடுநடுவே திட்டினார்கள். ‘இந்த வயசுல ஏன்டா போன’ என்கிற மாதிரியான திட்டு. ஆம்ப்ளிஃபயரில் எக்கோவை முழுசாகத் திருகி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தது. ஸ்டுடியோவில் பணம் செலவழித்து கோத் இசைக்குழுக்கள் உண்டாக்குகிற அதே எதிரொலி.

அதுதான் மரண கானா. வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாவு வீட்டில், பதினாறாம் நாள் காரியத்தில், வருஷ நினைவு நாளில் பாடப்படுவது. உலகத்தில் எந்த கோத் பாடகருக்கும் பிணத்துக்கு நான்கடி தூரத்தில் உட்கார்ந்து பாடி, கேட்கிற சனத்தை அழவும் சிரிக்கவும் வைத்த அனுபவம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் தெருவில் டிப்ளமோ ஃபெயிலான பையன்கள் அதைச் செய்கிறார்கள்.

இதையெல்லாம் நான் ரசித்துச் சொல்வது அம்மாவுக்குப் பிடிக்காது. நான் கல்லூரி முதல் வருஷத்தில் முதன்முதலாகக் கறுப்பு உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு நின்றபோது அம்மா கத்தவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “எங்க தாத்தா ஊர்ல சாவுக்கு மோளம் அடிச்சாரு. பொணத்து மேல போட்ட துணிய எடுத்தாந்து கட்டுனாரு. அத உட்டுத் தொலைக்கணும்னுதான் எங்கப்பா செங்கல்பட்டுலேர்ந்து ராத்திரியோட ராத்திரியா இங்க ஓடியாந்தாரு. நீ படிச்சிட்டு அந்தச் சாவ எடுத்து மூஞ்சில பூசிக்கினு நிக்கிற.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பல வருஷம் இல்லை. ஏனென்றால் அம்மா சொன்னதில்தான் நம் இயக்கத்தின் வரலாறு இருக்கிறது. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், இழவு சொல்லப் போக மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று மறுத்ததுதான் எத்தனையோ ஊர்களில் சாதி ஒழிப்பின் முதல் அடி. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் பறையடிப்பதை விடச் சொல்லி இயக்கம் நடத்தினார். மறுத்தவர்கள் அடி வாங்கினார்கள், வேலை இழந்தார்கள். சாவு நமக்கு அழகியலாக வந்து சேரவில்லை. வேலையாகச் சுமத்தப்பட்டது. மற்றவர் வீட்டுச் சாவுக்கு உழைக்க வேண்டும், நம் வீட்டுச் சாவுக்கு வழி கிடையாது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே சுடுகாட்டுக்குப் போகும் பாதையை ஆதிக்கச் சாதியினர் மறித்ததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காணொலியைப் பார்த்த அன்று நான் பாட்டு எதையும் கேட்கவில்லை. இங்கிலாந்தில் விட்பி என்ற ஊரில், டிராகுலா நாவலில் அவன் வந்து இறங்குகிற ஊர் அது, கோத் பிள்ளைகள் திருவிழாவுக்குக் கூடி, கல்லறைகளுக்கு நடுவே நின்று படமெடுத்துக்கொள்வார்கள். அவர்கள்மேல் எனக்குப் பொறாமைதான். கல்லறைக்குப் போகிற வழியை யாரும் மறிக்காதவர்களுக்குத்தான் கல்லறை ரம்மியமான இடம்.

அப்படியானால் நான் ஏன் விடவில்லை?

மாமாவின் சாவில் பாடியவர்களை யாரும் ஊர்ச் சாவடியிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிடவில்லை. படி நெல்லுக்கும் கள்ளுக் காசுக்கும் வரவில்லை. வராவிட்டால் கட்டி வைத்து அடிப்பார்கள் என்ற பயத்தில் வரவில்லை. தங்கள் கூட்டாளி செத்தான் என்று வந்தார்கள். அம்மாவின் தாத்தா அடித்த மேளத்துக்கும் இந்த டோலக்குக்கும் தாளம் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் யாருடைய சாவு, யார் கூப்பிட்டது, மாட்டேன் என்று சொல்ல முடியுமா என்கிற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள், இரண்டும் வெவ்வேறு என்று தெரியும். மறுத்தவர்கள் வென்று கொடுத்த இடத்தில் நின்றுதான் இவர்கள் பாடுகிறார்கள். அந்த இடத்தில் நின்றுதான் நானும் மை தீட்டுகிறேன். பெரியார் இயக்கத்தாரின் கறுப்புச் சட்டையும் இழிவுக்கான துக்கத்தின் அடையாளமாகத்தான் தொடங்கியது. 1946இல் மதுரையில் கறுப்புச் சட்டை மாநாட்டுப் பந்தலைக் கொளுத்துகிற அளவுக்கு அந்த நிறம் சிலரை உறுத்தியது.

கோத் உலகத்தோடு எனக்கிருக்கும் பெரிய சண்டை வேறு. அது வெளுப்பை வழிபடுகிறது. பிணம் போல வெளிறிய முகம்தான் அங்கே லட்சணம். நான் நல்ல கறுப்பு. பதினாறு வயதில் அம்மாவின் பாண்ட்ஸ் பவுடரை அரை டப்பா கொட்டிப் பூசிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால், டிராகுலாவின் மணப்பெண் வரவில்லை, எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த அலையாத்தி இலை மாதிரி இருந்தது. கழுவிவிட்டேன். ‘நீயே கறுப்பு, இதுல கறுப்பு ட்ரெஸ் வேறயா’ என்ற கேள்வியை நான் பள்ளியிலும் கேட்டிருக்கிறேன், ராக் கச்சேரியிலும் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருக்கிற கறுப்பினப் பிள்ளைகள் இதே சண்டையைப் போட்டு ‘ஆஃப்ரோகோத்’ என்று பெயரே வைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் பவுடர் தொடாமல் மை மட்டும் தீட்டப் பழகினேன். கறுப்பின் மேல் கறுப்பு. நன்றாகத்தான் இருக்கிறது.

கறுப்பைக் கொண்டாடும்போது ஒரு படம் மட்டும் என்னைத் தடுக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் பக்கெட்டையும் மக்கையும் வைத்து அதை அள்ளினார்கள். கை, முகம், படகு, வலை எல்லாம் தார் பூசிய மாதிரி. அந்த மாதம் நான் உதட்டுச்சாயம் போடவில்லை. இதைக் கொள்கை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கை போகவில்லை, அவ்வளவுதான்.

பேராசிரியருக்கு வருகிறேன். தலித் எப்படி இருக்க வேண்டும் என்ற படம் அவர் தலையில் மட்டுமா இருக்கிறது? 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று சேரிகள் எரிக்கப்பட்டன. அந்த நாட்களில் ஒரு சாதிக் கட்சியின் தலைவர், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். உடை இங்கே குற்றச்சாட்டு. இங்கிலாந்தில் 2007இல் சோஃபி லான்காஸ்டர் என்ற இருபது வயதுப் பெண் கோத் உடை உடுத்தியதற்காகவே ஒரு பூங்காவில் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் கதை எனக்குத் தூக்கம் வராமல் செய்த ஒன்று. ஆனால் கறுப்பு உடையைக் கழற்றினால் தப்பிக்கலாம் என்ற கணக்காவது அங்கே உண்டு. எங்களுக்கு எந்த உடையும் போதவில்லை. கிழிந்த உடை போட்டால் அசிங்கம், நல்ல உடை போட்டால் திமிர். 1927இல் மகாடில் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசியபோது, சாதியைக் காட்டிக்கொடுக்கும் சேலைக்கட்டையும் நகைகளையும் விடச் சொன்னார். அவருடைய கோட் சூட்டும் அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது கானா பாடகர்கள் கோட் சூட்டில் நின்றார்களே, ராயபுரத்துப் பெண் இசைவாணி அங்கே நின்று பாடினாரே, அன்றைக்கு நான் கூட்டத்தில் நின்று அழுதேன். மை வழிந்து முகமெல்லாம் ஆனது. கோத்துக்கு அதுவும் ஸ்டைல்தான் என்று தோழி சொன்னாள்.

போன மாதம் பாட்டியின் வருஷ நினைவுக்குப் பாட வந்த கானா பையன் ஒருவன், சோறு சாப்பிட்டுவிட்டு என் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தான். “இன்னாக்கா கேக்குற?” பவ்ஹவுஸின் ‘பெலா லுகோசிஸ் டெட்’. 1979இல் வந்த ஒன்பது நிமிஷத்துக்கும் மேலான பாட்டு. கோத் இசை இதிலிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். அவன் விரல் தானாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் தாளம் போட ஆரம்பித்தது. இரண்டு நிமிஷம் போனது.

“எப்பக்கா பாடுவான்?”

“இரு, வரும்.”

“சாவுப் பாட்டா? யாரு செத்தது?”

“டிராகுலாவா நடிச்சவரு. 1956ல செத்தாரு.”

“பாட்டு எப்ப வந்துச்சின்ன, எழுபத்தொம்போதா? காரியமே முடிஞ்சி இருவத்திமூணு வருசம் ஆயிருக்குமே!” சிரித்தான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்: “அவங்க வூட்ல கூப்ட்டாங்களா?”

“இல்ல. இவங்களா பாடுனாங்க.”

“துட்டு?”

“அதெல்லாம் யாரும் குடுக்கல.”

குரல் வந்துவிட்டது போலிருக்கிறது. கையை உயர்த்தி என்னைப் பேசாமலிருக்கச் சொன்னான். அம்மா உள்ளேயிருந்து வந்து, இரண்டு பேருக்கும் டீயை வைத்துவிட்டு, “இன்னும் பாட்டு ஆரம்பிக்கலயா? சனம் காத்துனுகீது” என்றார்.