தெல்தோட்டைச் சரிவுக்கு வேறு நாட்காட்டி வேண்டும்

பெரும்போகம், சிறுபோகம் என்று நம் விவசாய ஆண்டைப் பிரிக்கும் கணக்கு, குளத்து நீரை நம்பிய நெல்வயலுக்குப் பொருந்துவது. தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்ட பக்கத்துச் சரிவுகளில் போஞ்சியும் கோவாவும் தக்காளியும் கறிமிளகாயும் போடுகிறவர்களும் அதே கணக்கில்தான் நடக்கிறார்கள். பெரும்போகத்துக்கென்று செப்டெம்பர் கடைசியில் நிலத்தைக் கொத்திப் புரட்டிவிட்டால், ஒக்டோபரிலும் நவம்பரிலும் இடியோடு கொட்டும் மழை நேரே வெறும் மண்ணில் விழுகிறது. வயலில் வரம்பு நீரை மறிக்கும். சரிவிலோ மேல்மண், காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரத்தையும் சேர்த்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். ஆகவே மலையில் பயிர்த்திட்டம் போடுகிறவர் விலையைப் பற்றி யோசிக்குமுன் ஒன்றைக் கேட்க வேண்டும்: ஒக்டோபர் மழை இறங்கும்போது இந்த மண்ணின் மேல் என்ன இருக்கும்?

சரிவு மண்ணை வெறுமையாக விடக் கூடாது என்ற பாடத்துக்குத் தெல்தோட்டைக்காரர் தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து லூல்கந்துரையில்தான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கோப்பியில் இலைநோய் கண்டது. கோப்பி அழிந்த சரிவுகளில் தேயிலை ஏறியது. பயிர் மாறியதே ஒழிய, புல் பூண்டு இல்லாமல் நிலத்தைச் சுரண்டி வைப்பதே நல்ல துரைக்கு அழகு என்ற எண்ணம் நெடுங்காலம் மாறவில்லை. பழைய மலைகளில் வேர் வெளியே தெரிய நிற்கும் தேயிலைச் செடிகள் அதன் விளைவு. ஆனால் இந்தச் சரிவுகள் இருக்கும் கண்டிப் பிரதேசத்தின் வீட்டுத்தோட்டங்களில் பலா, கமுகு, கராம்பு, மிளகு, அடியில் கிழங்கு என்று அடுக்கடுக்காகப் பயிர் நிற்பதால் மழை மண்ணைத் தொடுமுன் வேகம் இழக்கிறது. வெறுமையான சரிவுகளில் கழுவப்பட்ட மண்ணோ மகாவலிக்குப் போகிறது. 1976இல் திறந்த பொல்கொல்லை அணைக்கட்டில் வண்டல் நிறைந்த கதை பொறியியலாளர்களுக்குப் பழையது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டிலேயே வந்து, 1996இல் திருத்தப்பட்டது. சட்டத்துக்குக் குறைவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளை மரக்கறித் தோட்டத்தின் தலையில் கட்டுவது நியாயமல்ல. அவ்வளவு மழையில் காடும் சரியும். ஆனால் ஆண்டுதோறும் சத்தமில்லாமல் போகும் மண்ணுக்குப் புயல் தேவையில்லை.

மழைக்காலத்தில்தானே மரக்கறிக்கு விலை, அதை விட்டுவிடச் சொல்வதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மழையில் பலருடைய பயிர் அழுகுவதால் ஏறும் விலை அது, தப்பியவருக்கே கிடைக்கும். நடுவதை விடச் சொல்லவில்லை, முந்தச் சொல்கிறேன். ஓகஸ்டில் நாற்றுமேடை போட்டு, செப்டெம்பர் தொடக்கத்தில் நட்டால், பெருமழைக்குள் இலை மண்ணை ஓரளவு மூடிவிடும். அந்த நாட்களில் நாற்றுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும், வேலை கூடும், மறைக்க ஒன்றுமில்லை. குறுக்கே கான் வெட்டி, கரையில் வெட்டிவேரோ கிளிரிசிடியாவோ வைத்து, செங்குத்தான துண்டை மிளகுக்கும் கராம்புக்கும் விடலாம். தக்காளி, கறிமிளகாய், உருளைக்கிழங்கு மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் ஒன்றன்பின் ஒன்றாக நட்டால் வாடல் நோய் நிலத்திலேயே தங்கும். இடையில் போஞ்சியோ லீக்ஸோ வர வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு காணி பற்றியது. லயத்தைச் சுற்றிக் கொத்திப் பயிர் செய்யும் தோட்டக் குடும்பத்திடம் உறுதி இல்லை. நாளைக்குப் பறிபோகக்கூடிய நிலத்தில் யார் கல்கட்டு வைப்பார்கள்? இதற்கு விவசாய ஆலோசனையால் பதில் சொல்ல முடியாது. தோட்ட நிர்வாகங்கள், அரச நிர்வாகமானாலும் கம்பனியானாலும், குறைந்தது பத்தாண்டுக் குத்தகையை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். மேலிருந்து வரும் திட்டம் என்றால் 2021இன் இரசாயன உரத் தடையை நினைத்து மக்கள் அஞ்சுவதும் சரியே. வயலைக் கேட்காமல் வந்த அந்த உத்தரவைச் சில மாதங்களில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதனால்தான் இந்த நாட்காட்டி கொழும்பில் எழுதப்படக் கூடாது. பேராதனையில் விவசாயத் திணைக்களமே இருக்கிறது. விவசாயப் போதனாசிரியரும் கமக்காரர் அமைப்பும் தோட்ட மக்களும் உட்கார்ந்து, எந்தச் சரிவில் எது, எப்போது என்று முடிவுசெய்து, ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முடியுமுன் கமநல சேவை நிலையத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்ட வேண்டும்.