‘அக்கா தங்கச்சி வில்லங்கம்’

காந்திபுரத்தில் வீடு பார்க்கப் போகும் பெண்ணிடம் எந்தத் தரகரும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ‘ங்க’ உண்டு. “வாங்கம்மிணி, உக்காருங்க. வீட்டுல ஆம்பளைங்க யாருங்க வர்றாங்க?” என்று கேட்பார். பணம் உங்களுடையது, வங்கிக் கடன் உங்கள் சம்பளத்தின் மேல், பத்திரம் உங்கள் பெயரில். ஆனாலும் விலை பேச ஓர் ஆண் வர வேண்டும். கொங்கு நாட்டு மரியாதையை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்த மரியாதை பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, பேச்சிலிருந்து மட்டும் வெளியே தள்ளிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

தரகரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொள்ளும் பெண் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி என்று அத்தனைக்கும் தனியாக அலைய முடியாது. தெரிந்த ஒருவர் உதவி வேண்டும். ஆனால் நம் ஊர்த் தரகர் யாருடைய ஆள்? விற்பவரிடமும் கமிஷன் வாங்குகிறார், வாங்குபவரிடமும் வாங்குகிறார். விற்பவரிடம் ஒரு விலை, வாங்குபவரிடம் ஒரு விலை சொல்லி, நடுவில் நிற்கும் பணத்தையும் எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் கூலி வாங்குகிறவர் கடைசியில் யார் பக்கம் சாய்வார்? அடுத்த வியாபாரத்தைக் கொண்டுவரக்கூடியவர் பக்கம். அவர் பெரும்பாலும் அண்ணன், மாமா, மச்சான், பங்காளி. வாழ்நாளில் ஒரே ஒரு முறை வீடு வாங்கும் பெண் அல்ல.

இந்தத் தொழிலில் புழங்கும் ஒரு சொற்றொடரைக் கேளுங்கள். விற்பனைக்கு வந்த வீட்டைப் புகழும்போது, “அக்கா தங்கச்சி வில்லங்கம் எதுவும் இல்லீங்க, எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கியாச்சு” என்பார்கள். கடன், அடமானம், வழக்கு ஆகியவற்றோடு அக்காவும் தங்கையும் ஒரே பட்டியலில். அதே சொத்தில் அதே அளவு பங்குள்ள அண்ணனை யாரும் வில்லங்கம் என்று சொல்வதில்லை. அவர் பங்குதாரர்.

சட்டம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது கூட்டுக்குடும்பச் சொத்துக்கான சட்டமாக 60 ஆண்டுகள் ஆயின. 1989ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு முன்பே திருமணமான மகள்களை வெளியே நிறுத்தியது. நடுவண் அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல, மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் சொன்னது. இத்தனை ஆண்டுப் போராட்டத்தையும் பதிவு அலுவலக வாசலில் ஒரு விடுதலைப் பத்திரம் முடித்துவைக்கிறது. “கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, கையெழுத்தப் போடும்மிணி” என்று அண்ணன் சொல்வார். அந்தப் பத்திரத்தை எழுதவைத்து, நாள் குறித்து, காரில் கூட்டிக்கொண்டு வருபவர் தரகர்.

என் அம்மாவின் வீடு இரத்தினபுரியில் இருந்தது. அம்மாவே சம்பாதித்து வாங்கியது, அவர் பெயரிலேயே இருந்தது. அப்பா முன்பே போய்விட்டார். அம்மா உயில் எழுதாமல் இறந்ததால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி எனக்கும் அண்ணனுக்கும் சரிபாதி. அண்ணன் ஒரு தரகரைக் கொண்டுவந்தார். “அண்ணன் பாத்துக்குவாருங்க, நீங்க ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்தாப் போதுமுங்க” என்றார் தரகர். விலை என்ன என்று கேட்டேன். அண்ணனிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் என் பங்குக்கு வேறொருவரை அமர்த்தினேன். என்னிடம் மட்டுமே கூலி, விலைப்பேச்சு எதுவானாலும் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். முதல் தரகர் சொன்ன விலைக்கும் கடைசியில் கிரயமான விலைக்கும் இருந்த வித்தியாசத்தில், என் பாதி மட்டும் என் மூன்று வருடச் சம்பளம். அந்த அதிக விலையில் அண்ணனுக்கும் பாதி கிடைத்தது. ஆனாலும் உறவில் எனக்கு இன்றுவரை ‘ஆள் வெச்சுப் பேசுனவ’ என்றுதான் பெயர்.

ஆள் வைத்துக்கொள்வது நம் உரிமை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி வயது வந்த, தெளிந்த மனமுள்ள எவரும் தமக்கென ஒரு முகவரை நியமிக்கலாம். அந்த முகவர் கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும். நமக்குத் தெரியாமல் அதே வியாபாரத்தைத் தன் கணக்கில் செய்து லாபம் பார்த்தால், அந்த லாபத்தை நாம் கேட்கலாம்.

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தரகர்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது. பதிவில்லாமல் விற்றுக்கொடுத்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். ஆனால் அது புதிய மனைப்பிரிவுகளுக்கும் அடுக்குமாடித் திட்டங்களுக்கும்தான். அம்மா வீட்டை விற்கும்போதும், கணபதியில் பழைய வீடு ஒன்றை வாங்கும்போதும் வருகிற தரகரை அந்தச் சட்டம் தொடுவதில்லை. பெண்ணின் பங்கு கைமாறுவது பெரும்பாலும் இந்தப் பழைய வீடுகளில்தான். அமெரிக்காவில் பெரிய தரகர் சங்கம் ஒரு வழக்கில் செய்துகொண்ட சமரசத்தின்படி, 2024 ஆகஸ்ட் முதல் வாங்குபவருக்கு வீடு காட்டும் முன்பே கூலியை எழுதி ஒப்பந்தம் போட வேண்டும். இங்கே அரசு 2025 ஏப்ரல் முதல் பெண் பெயரில் பதியும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறது. நல்லது. ஆனால் காந்திபுரத்தில் 10 லட்சத்துக்கு எந்த வீடு? பெயர் மட்டும் பெண்ணுடையதாகவும், பேச்சு முழுக்க ஆணுடையதாகவும் இருக்கும்வரை சலுகையால் குடும்பத்துக்கு மிச்சம், அவளுக்கு ஒரு கையெழுத்து.

“சகோதரிகள் கையெழுத்தைச் சரிபார்ப்பது வாங்குபவருக்குப் பாதுகாப்புத்தானே?” என்று தரகர்கள் கேட்பார்கள். நிச்சயமாகப் பாதுகாப்புத்தான். கையெழுத்து இல்லாவிட்டால் நாளை வழக்கு வரும். ஆகவே கையெழுத்து இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். அவள் பங்குக்குப் பணம் கொடுக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். நாம் வாங்கும் வீடு ‘சுத்தமாக’ இருப்பது இன்னொரு பெண்ணை வெறுங்கையோடு அனுப்பியதால் என்றால், அந்தச் சுத்தத்தில் நமக்கும் பங்கு உண்டு.

தோழிகளே, தரகரைத் தேடும்போது அவர் எத்தனை வீடு முடித்தார் என்று பிறகு கேளுங்கள். கணவரையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போனாலும் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கக் கூலிக்கு ஒத்துக்கொள்கிறாரா, அதை எழுதித் தருவாரா? வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் முன்பணத்துக்கு முன் உங்கள் கையில் தருவாரா? “எந்த ஊர்ப்பக்கமுங்க?” என்று சுற்றிவளைத்துச் சாதி கேட்கிறாரா? அப்படிக் கேட்பவர் உங்களுக்கு முன் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். பெண் தரகர் என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். அவரும் இதே கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. பழைய வீடு விற்றுக்கொடுக்கும் தரகரும் பதிவுசெய்ய வேண்டும், யாரிடம் எவ்வளவு கூலி வாங்கினார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் பெண்ணிடம் பதிவு அதிகாரி அவள் பங்கின் மதிப்பு என்ன, கையில் என்ன வந்தது என்று தனியாகக் கேட்க வேண்டும். அண்ணனும் தரகரும் அந்த நேரம் வெளியே நிற்கட்டும்.