பழைய கணிப்பொறியும் நம் பொறுப்பும்

“கணிப்பொறி மெதுவாக ஓடுகிறதா? புதிதாக வாங்கிவிடு” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். சொல்பவர்க்கு அது ஒரு வாக்கியம். கூலிக்கு நாற்று நடும் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என் போன்றோர்க்கோ அது பல மாத வருமானம்.

தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அத்திட்டத்தில் நாகப்பட்டினத்து அத்தை மகன் பெற்ற மடிக்கணினிதான் இன்று விழிதியூரில் எனக்குத் துணை. அதன் ராம் நினைவகம் 2 ஜிபி. விண்டோஸ் 11 கேட்பதோ குறைந்தது 4 ஜிபி. அதனால் இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து.

ராம் என்பது நெல்லடிக்கும் களம். வட்டு என்பது பத்தாயம். களத்தில் இடம் போதாதபோது கொஞ்சம் நெல்லைப் பத்தாயத்தில் கொட்டிவைத்து, வேண்டும்போது எடுக்கிறோம் அல்லவா? மெய்நிகர் நினைவகம் இவ்வளவே. 1962-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணிப்பொறி இதைச் செய்துகாட்டியது. விலையுயர்ந்த நினைவகம் போதாமையால், சுழலும் காந்த உருளையையும் அதனோடு சேர்த்து ஒன்றாக ஆண்டனர் அறிஞர்கள். தட்டுப்பாட்டில் பிறந்த அறிவு அது!

ஆனால், பத்தாயத்தைப் பெரிதாக்கினால் களம் பெரிதாகிவிடாது. சுழலும் வட்டு ராமைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவானது. ஆகவே மெய்நிகர் நினைவகத்தின் அளவைக் கூட்டினால் கணிப்பொறி பறக்கும் என்பது வீண் நம்பிக்கை. அதை அடியோடு நிறுத்துவதும் தவறு. ராம் நிரம்பியதும் நிரல்கள் பாதியில் நின்றுபோகும். அளவை விண்டோஸே முடிவு செய்யும்படி விடுவது நலம்.

களத்தில் கிடக்கும் வேண்டாத சுமையை அகற்றுவதே முதல் வேலை. ‘பெர்ஃபாமன்ஸ் ஆப்ஷன்ஸ்’ பகுதிக்குச் சென்று நிழல், அசைவு முதலிய அலங்காரங்களை நிறுத்தலாம். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணிப்பொறியில், திரையில் படம் காட்டவும் அதே ராமிலிருந்துதான் பங்கு போகிறது. இவற்றைச் செய்தபின் என் சி நிரல்கள் தடையின்றி ஓடுகின்றன. காணொலித் தொகுப்புக்கு இது போதாது, படிப்புக்குப் போதும்.

மெய்நிகர் நினைவகத்தைத் தேர்வு வினாவாகப் படிக்கிறோம். நம் கணிப்பொறியில் அது எங்கே இருக்கிறதென்று பார்ப்பதில்லை. முதலாண்டிலேயே ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குமாறு பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன்.

தோழர்களே! நாம் காவிரியின் கடைமடைக்காரர்கள். வரும் நீரை முறைவைத்துப் பாய்ச்சிப் பயிர் வளர்த்தவர்களின் பிள்ளைகளுக்கு, இருக்கும் நினைவகத்தைச் செம்மையாக ஆள்வது இயலாத செயலா?