முப்பது வயதில் தலைமைப் பயிற்சியாளரா?

பேரன் வந்தால் எங்கள் வீட்டில் கால்பந்துதான். நானும் கூட உட்கார்ந்து பார்ப்பேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாளிலிருந்து அந்நாட்டு ஆட்டங்களில் எனக்கு ஒரு கண். போன வாரம் அவன் கேட்டான்: "தாத்தா, முப்பது வயசு ஆளைத் தலைமைப் பயிற்சியாளரா போடலாமா?" யோசிக்காமல் "கூடாது" என்றேன். ராத்திரி படுத்த பிறகு அந்தப் பதில் உறுத்தியது.

கம்பளித் தொப்பியோடு ஓசேர் அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாரே கி ரூ, அவரை நமக்குக் கிழவராகத்தான் தெரியும். ஆனால் 1961இல் அந்தப் பொறுப்புக்கு வந்தபோது அவருக்கு வயது 22! 1980இல் அந்தச் சிற்றூர் அணியை முதல் பிரிவுக்கு ஏற்றினார். 1996இல் லீக் பட்டம், பிரெஞ்சுக் கோப்பை இரண்டும் வந்தன.

இந்தக் காலத்திலும் உண்டு. 2016இல் ஜெர்மனியின் ஹோஃபன்ஹைம் 17ஆம் இடத்தில் தத்தளித்தபோது, 28 வயது நாகல்ஸ்மானிடம் கொடுத்தார்கள். அணி தப்பியது. அடுத்த ஆண்டு நான்காம் இடம். 2022இல் பிரான்சின் ரேன்ஸ் அணிக்கு 30 வயது வில் ஸ்டில் வந்தார். உரிய உரிமம் அவரிடம் இல்லை. ஆட்டத்துக்கு 25,000 யூரோ அபராதம் கட்டியே அவரை வைத்துக்கொண்டது கிளப். லீக்கில் 17 ஆட்டங்கள் தோல்வியே இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. போர்ட்டோவில் 33 வயதில் கோப்பைகளை அள்ளிய வில்லாஸ் போவாஸ், 2011இல் செல்சிக்குப் போனார். லம்பார்டும் ட்ரோக்பாவும் அவரைவிடச் சில மாதங்களே இளையவர்கள். ஒன்பது மாதம்கூட நிலைக்கவில்லை. ஆட்டம் தெரிந்தால் மட்டும் போதாது, மூத்தவர்களை அரவணைத்துப் போகவும் வேண்டும்.

இதை நான் அலுவலகத்தில் கற்றேன், அதுவும் வெட்கப்பட்டு. எனக்கு நாற்பத்தைந்து தாண்டிய சமயம், 26 வயதில் ஓர் அதிகாரி எங்களுக்கு மேல் வந்தார். "சின்னப் பையன்" என்று பேசிக்கொண்டோம். ஒரு கோப்பில், அதே பொருளில் வந்த பழைய ஆணையை வேண்டுமென்றே குறிப்பிடாமல் அனுப்பினேன். அவர் கையெழுத்திட்டு, மேலிடத்தில் திட்டு வாங்கினார். "கிளார்க் சொல்லவில்லை" என்று அவர் அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார்.

"இது எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சவர் நீங்க. உட்கார்ந்து சொல்லிக் கொடுங்க."

தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன். அதன் பிறகு எந்தக் கோப்பிலும் அவரிடம் நான் எதையும் மறைத்ததில்லை.

ஆகவே என் கருத்து இது. இளம் பயிற்சியாளரை வயதை வைத்தோ, முதல் பத்து வெற்றிகளை வைத்தோ எடைபோடக் கூடாது. தோற்ற பிறகு பழியை யார்மேல் போடுகிறார், தெரியாததை மூத்த ஆட்டக்காரரிடம் கூச்சமின்றிக் கேட்கிறாரா என்று பாருங்கள். அவரை நியமித்தவர்களுக்கும் பொறுமை வேண்டும். கி ரூவுக்கு முதல் பிரிவை எட்டவே 19 ஆண்டுகள் ஆயின.

பேரனிடம் என் பதிலை மாற்றிச் சொல்லிவிட்டேன். அந்த அதிகாரியிடம் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அதுதான் பாக்கி.