வால்டர் சம்மர்ஸும் நம் எம்டனும்

யுத்தப் படம் என்றதும் நமது விமர்சகர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘யார் பக்கம்?’ என்பது. பதில் கிடைத்ததும் படத்தைப் பார்க்கும் சிரமம் தீர்ந்துவிடுகிறது. பற்றா வரவா என்று பார்த்துப் பதிவது பகலெல்லாம் நான் செய்யும் குமாஸ்தா வேலை. விமர்சனம் வேறு வேலை.

வால்டர் சம்மர்ஸின் மௌனப் படம் ‘தி பாட்டில்ஸ் ஆஃப் கோரனல் அண்ட் ஃபாக்லண்ட் ஐலண்ட்ஸ்’ (1927). பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட் 2014இல் புதுப்பித்த பிரதியைக் கொடைக்கானலில் ஏழெட்டுப் பேர் பார்த்தோம். தீர்ப்பு உடனே வந்தது: கடற்படை கப்பல் கொடுத்து உதவிய படம், ஆகவே ஏகாதிபத்தியப் பிரச்சாரம், ஆகவே குப்பை. இரண்டாவது ‘ஆகவே’தான் எனக்கு ஆட்சேபம்.

பிரச்சாரம்தான். யார் மறுத்தார்கள்? 1914 நவம்பரில் சிலிக் கரையருகே தோற்ற கடற்படை, டிசம்பரில் ஃபாக்லண்டில் பழிதீர்த்த கதை. ஆனால் காமிரா எங்கே நிற்கிறது? இரண்டு போர்க்கப்பல்களை அவசரமாகத் தயார் செய்யும் துறைமுகப் பட்டறையில். சுத்தியல், உலை, உழைக்கும் கைகள் என்று அடுக்கி அடுக்கிப் படம் அங்கேதான் உச்சத்தை அடைகிறது. தளபதிகளின் வீரம் தொழிலாளியின் வேலையாக இறங்கிவிடுகிறது. இது ஐசன்ஸ்டைனிடம் களவாடியது என்றார் ஒருவர். ‘பொட்டெம்கின்’ பிரிட்டனில் 1926இல் தடைசெய்யப்பட்டது. லண்டன் பிலிம் சொசைட்டி அதைத் திரையிட்டது 1929இல். களவுக்கும் சரக்கு ஊருக்குள் வரவேண்டாமா?

எதிரியைப் பாருங்கள். ஜெர்மன் தளபதி ஃபான் ஸ்பே, வெற்றி விருந்தில் பகைவனின் நாசத்துக்குக் கோப்பை உயர்த்த மறுக்கிறார். வெள்ளையனுக்கு வெள்ளையன் தரும் மரியாதை என்பீர்கள். சரி. இது படத்தைப் பார்த்தபின் எழும் குற்றச்சாட்டு, இதோடு பேசலாம்.

அந்த ஸ்பேயின் படையிலிருந்து பிரிந்து வந்ததுதான் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போயிற்று. சிலர் மாண்டார்கள். பலர் ஊரைவிட்டே ஓடினார்கள். அந்த இரவிலிருந்து நாம் எடுத்துவைத்துக்கொண்டது ஒரு சொல்: முரட்டு அப்பா எம்டன், கண்டிப்பான மேனேஜர் எம்டன். மறுநாள் காலை அதே துறைமுகத்துக்குக் கூலிக்குப் போனவன் எதைப் பார்த்தான், எதைச் சுமந்தான் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

வெள்ளைக்காரன் தன் யுத்தத்தில் சுத்தியல் பிடித்தவனையாவது பார்த்தான். பக்கம் கேட்கிற நாம், நம் பக்கத்தில் நின்றவனையே பார்க்கவில்லை.