வீதியோரத்தில் நிற்கும் தாய் குற்றவாளியா?

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-35 வீதியிலே, முரசுமோட்டையில் ஒரு காலை வேளை. இரண்டரை வயது மகனின் கையைப் பிடித்தபடி ஒரு தாய் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். கிளிநொச்சி வைத்தியசாலைக்குப் போகவேண்டும். பஸ் இன்னும் வரவில்லை. பிள்ளை அவளது சேலைத் தலைப்பை இழுக்கிறான். “அம்மா, ஒண்டுக்கு” என்கிறான்.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை நாளைய உழைப்பு இருக்கிறது என்பதைத் தாய்மார் அறிவர். நித்திரை விட்டெழுந்ததும் இருத்தி, சாப்பிட்டதும் இருத்தி, நனைந்த காற்சட்டையைக் கழுவிக் காயவிட்டு, ஏசாமலும் அடிக்காமலும் வாரக்கணக்காய்ப் பழக்கிய பின்னரே, நனைவதற்கு முன் வாய் திறந்து சொல்லக் குழந்தை கற்றுக்கொள்கிறது. தன் உடலைத் தானே ஆளத் தொடங்கும் நாள் அது. சுயாட்சியைப் பற்றி மேடைதோறும் முழங்குகின்ற நாம், மனிதன் பெறும் முதலாவது சுயாட்சி இதுவே என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

அந்தச் சொல்லுக்கு நமது பொதுவாழ்வு அளிக்கும் விடை என்ன? “கொஞ்சம் பொறு ராசா” என்று தாய் கெஞ்சுவதே விடை. பொறுக்க முடியாதபோது வேலியோரம்; அதுவும் இல்லையேல் மதகடி, வாய்க்கால் கரை. அவள் பிள்ளையை மறைத்துக் குனிந்து நிற்கையில் பஸ் வந்து, நின்று, போய்விடுகிறது. மோட்டார் சைக்கிளில் செல்லும் கனவான் ஒருவர் முகஞ் சுளிக்கிறார். “படித்த பெண்ணாய்த் தெரிகிறது, வீதியில் இப்படிச் செய்யலாமா?” என்கிறார்.

இது ஒரு தாயின் கதையன்று. வன்னிப் பெருநிலத்தில் எந்தத் தரிப்பிடத்திலும் எந்த நாளும் காணக்கூடிய காட்சி. குற்றம் யாருடையது என்று கேட்போமாயின், அது அந்தத் தாயினுடையது அன்று என்று அறுதியிட்டுக் கூறுகிறோம். பிள்ளை தன் கடமையைச் செய்தான், கேட்டான். தாய் தன் கடமையைச் செய்தாள், பழக்கினாள். தவறியது, நாமனைவரும் சேர்ந்து ‘பொது’ என்று அழைக்கிறோமே, அதுவே!

பொறு என்பது அறியாமை

வளர்ந்த மனிதன் ஒரு மணி நேரம் அடக்கிக்கொள்வான். சிறு குழந்தையால் இயலாது. அதன் சிறுநீர்ப்பை சிறியது. அதனை அடக்கும் தசைகளும் நரம்புகளும் இன்னமும் முதிர்ந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலான குழந்தைகள் பகல் வேளையில் அடக்கப் பழகுவது இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடைப்பட்ட காலத்திலேதான். அக்காலத்தில் உணர்வு தோன்றுவதற்கும் நனைவதற்கும் இடையே கிடைக்கும் அவகாசம் மிகச் சிறிது. பரந்தன் சந்தி வரை பொறு என்பது நடக்கக்கூடிய காரியமா?

பொறுக்கப் பழக்கினாலும் அதில் நன்மையில்லை. மலத்தை அடக்கும் பிள்ளைக்கு மலச்சிக்கல் உண்டாகும். இறுகிய மலம் நோவைத் தரும். நோவுக்கு அஞ்சி மேலும் அடக்கும். சிறுநீரை அடக்கிப் பழகும் பிள்ளைக்குச் சிறுநீர்த் தொற்று உண்டாவதற்கு இடமுண்டு. நனைந்துவிட்ட குழந்தையைப் பலர் முன்னிலையில் ஏசினால் பழக்கம் பின்னோக்கிப் போகும் என்பதைக் குழந்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கூறி வருகின்றனர். வீட்டில் ஒரு மாதம் கட்டிய கட்டடத்தை வீதியில் ஒரு காலைப் பொழுது இடித்துத் தள்ளிவிடுகிறது.

மூன்று சாட்டுக்கள்

இதனைக் கூறினால் மூன்று சாட்டுக்கள் எழுகின்றன. ஒவ்வொன்றையும் எடுத்து நோக்குவோம்.

முதலாவது சாட்டு: “சின்னப் பிள்ளையின் மலந்தானே, அதிலென்ன?” இது நம்மிடையே ஊறிப்போன மூடநம்பிக்கை. பால்மணம் மாறாத குழந்தையின் மலம் தீங்கற்றது என்பது பொய். சிறுவரின் மலத்தில் நோய்க்கிருமிகள் வளர்ந்தோருடையதைக் காட்டிலும் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதே சுகாதார அறிஞர் கண்ட உண்மை. வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், குடற்புழு யாவும் இவ்வழியே பரவுவன. இளம்பிள்ளை வாதமும் இவ்வழியே பரவியது. இலங்கையில் அந்நோயின் கடைசி நோயாளி 1993 இல் காணப்பட்டார். 2014 மார்ச் 27 ஆம் நாள் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் அந்நோயற்றது எனச் சான்றளிக்கப்பட்டது. சொட்டு மருந்தால் ஒரு நோயை விரட்டினோம். மற்றைய நோய்களுக்கு வாய்க்கால் கரையில் வாசல் திறந்து வைத்திருக்கிறோம்.

கமக்காரப் பெருமக்களே! இரணைமடுக் குளத்து நீர் பாயும் மண் இது. ‘மோட்டை’ என்ற சொல்லே சிறு நீர்நிலையைக் குறிப்பதன்றோ? ஊரின் பெயரிலேயே நீரைத் தாங்கிய மக்கள் நாம். வாய்க்காலில் சேர்வது வயலுக்கு வரும். வெள்ளம் வந்தால் கிணற்றுக்கும் வரும். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கண்டாவளைப் பகுதியின் வீடுகளும் வயல்களும் நீரில் மூழ்கியதை நாம் மறந்திருக்க இயலாது. அந்த நீர் எவற்றையெல்லாம் சுமந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது சாட்டு: “பம்பர்ஸ் கட்டிவிட்டால் தீர்ந்தது!” கைநிறையச் சம்பளம் பெறும் உத்தியோகத்தர் வீட்டில் எளிதாகப் பிறக்கும் யோசனை இது. நாட்கூலிக்குப் போகும் குடும்பம் நாளொன்றுக்கு நான்கைந்து வாங்குமா? வாங்கினாலும் அது தீர்வாகுமா? நனைந்தாலும் நனைவு தெரியாதபடி அமைக்கப்பட்ட பொருள் அது. நனைவு தெரியாத பிள்ளை எப்படிக் கற்கும்? வீட்டில் ‘சொல்’ என்று பழக்கிவிட்டு, வெளியே போகும்போது ‘சொல்லாதே, அதிலேயே போ’ என்றால், எந்தக் கட்டளைக்குப் பிள்ளை கீழ்ப்படிவது?

பம்பர்ஸ் 1961 இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது; இவ்வகைப் பொருள்கள் உலகெங்கும் பரவின. மேல்நாடுகளில் குழந்தைகள் பழக்கம் முற்றுப்பெறும் வயது முந்திய தலைமுறையைவிடப் பெரிதும் பின்தள்ளப்பட்டதற்கு இவையும் ஒரு காரணம் என்பர். நமது பாட்டிமார் கால்களை நீட்டி அமர்ந்து, பாதங்களின் மேல் குழந்தையை இருத்தி, வாயால் ஓசை எழுப்பிப் பழக்கினர். பல்கலைக்கழகம் சென்று கற்ற வித்தையன்று அது. ஆயினும் குழந்தையின் குறிப்பறிந்து நடந்த வித்தை. நெடும் பயணத்துக்கும் நோயுற்ற பிள்ளைக்கும் பம்பர்ஸ் உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. மலசலகூடம் இல்லாக் குறையை மூடும் துணியாக அது ஆகிவிடக் கூடாது என்பதே எமது கட்சி. கழற்றியதை எங்கே போடுகிறோம்? பொலித்தீனும், நீரை உறிஞ்சிக் கூழாகும் செயற்கைப் பொருளும் சேர்ந்த அது எளிதில் உக்காது. மதகில் அடைத்துக்கொண்டால் மண்வெட்டியோடு இறங்க வேண்டியவன் கமக்காரனே.

மூன்றாவது சாட்டு: “பணமில்லை.” ஐயா, நாம் மாளிகை கேட்கவில்லை. போருக்குப் பின் வீதிகள் அகலித்துச் செப்பனிடப்பட்டன. 2013 செப்தெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்தோபரில் யாழ்ப்பாணத்துக்கும் யாழ்தேவி மீண்டும் வந்தது. சந்திகளில் வளைவுகளும் பெயர்ப்பலகைகளும் எழுகின்றன. திறப்புவிழாக் கல்வெட்டுக்கும் பணம் கிடைக்கிறது. ஒரு தாழ்ந்த சிறு கோப்பைக்கும் ஒரு தண்ணீர்க் குழாய்க்கும் மட்டுந்தானா பணம் கிடையாது?

இந்த வீதி கண்டது போதாதா?

2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதே ஏ-35 வீதி வழியேதான் மக்கள் கிழக்கு நோக்கி நடந்தனர். கைக்குழந்தைகளோடும் நடைபழகும் குழந்தைகளோடும் நடந்தனர். மறைவில்லை, நீரில்லை, மாற்றுத்துணி இல்லை. அதன் பின்னர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டபோது, மலசலகூடத்துக்கு வரிசையில் நின்ற தாய்மாரின் கதையைக் கேளாத குடும்பம் இப்பகுதியில் உண்டா? வரிசையில் நின்ற குழந்தை நனைந்தது. நனைந்த துணியைக் கழுவ நீருக்கு இன்னொரு வரிசை. 2012 செப்தெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது.

அந்த அவமானத்தைப் பட்டறிந்த சமூகம் எங்கும் இல்லாத அக்கறையோடு இக்காரியத்தைச் செய்திருக்க வேண்டும். அன்று குழந்தைகளாய் வரிசையில் நின்றவர்களே இன்று தாய் தந்தையராகிப் பிள்ளைகளைக் கைப்பிடித்து நிற்கின்றனர். அன்று நிகழ்ந்ததற்குப் பிறரைக் குற்றஞ் சாட்டினோம், சாட்டியது நியாயமே. இன்று சந்தியில் நிற்கும் தாய்க்கு யாரைச் சாட்டுவது?

வீட்டில் உண்டு, வீதியில் இல்லை

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழுக்கிப் புழு ஒழிப்பு முயற்சியோடு இந்நாட்டில் மலசலகூட இயக்கம் வேகம் பெற்றது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றியது. இன்று தெற்காசியாவில் வீட்டு மலசலகூட வசதியில் முன்னிற்கும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அப்பெருமை வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வெளியே மலசலகூடம் கிடைத்தாலும் அது யாருக்காகக் கட்டப்பட்டது? அகன்ற குந்துகோப்பையின் இருபுறமும் காலூன்ற இரண்டு வயதுப் பிள்ளையால் இயலுமா? இருட்டும் நாற்றமும் அந்தப் பெருந்துளையும் கண்டு அது வீரிட்டழாதா? மகளோடு செல்லும் தந்தை எந்தப் பக்கம் நுழைவது? இவற்றை வரைபடம் வரைந்த பொறியியலாளர் எண்ணினாரா? வாசகருள் பொறியியலாளரும் உண்டு. வைத்தியரும் ஆசிரியரும் உண்டு. உங்களையே கேட்கிறோம்.

இந்தியாவில் 1999 இல் தொடங்கப்பட்ட முழுச் சுகாதார இயக்கம், அங்கன்வாடிகளில் குழந்தைகளுக்கேற்ற சிறு மலசலகூடங்கள் அமைக்க வகை செய்தது. யப்பானின் பொது மலசலகூடங்களில் குழந்தையை இருத்தி வைக்கும் ஆசனத்தைச் சாதாரணமாகக் காணலாம். அவர்களால் எண்ண முடிந்தது நம்மால் எண்ண முடியாததா?

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரத்தையும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளையும் பொது வீதிகளையும் பிரதேச சபைகளின் பொறுப்பில் ஒப்படைத்திருக்கிறது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்டது. 2010 யூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை நீரையும் சுகாதார வசதியையும் மனித உரிமையென அறிவித்தது. 2023 இல் கலைந்த உள்ளூராட்சிச் சபைகள் ஈராண்டுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகளின்றிக் கிடந்தன. 2025 மே 6 ஆம் நாள் வாக்களித்து மீண்டும் பிரதிநிதிகளை அனுப்பினோம். எனவே, கேட்பதற்கு ஆளில்லை என்ற பேச்சு இனிச் செல்லாது. எந்தக் கட்சியின் உறுப்பினராயினும் சரி, எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறோம்: உமது வட்டாரச் சந்தியில் இரண்டு வயதுக் குழந்தைக்கு இடமுண்டா?

நாம் கேட்பவை

பஸ் நிற்கும் முக்கிய சந்திகளிலும் சந்தைகளிலும் உள்ள, அல்லது இனிக் கட்டப்படும் மலசலகூடங்களில் ஓர் அறையேனும் தாழ்ந்த கோப்பை, காலூன்றப் படி, நீர்க்குழாய், விளக்கு, மூடியுள்ள குப்பைத் தொட்டி ஆகியவற்றோடு, தாயும் தந்தையும் பிள்ளையோடு நுழையத்தக்கதாய் இருத்தல் வேண்டும். சிறுவருக்குக் கட்டணம் அறவிடலாகாது. கட்டிப் பூட்டி வைப்பதைவிடக் கட்டாமல் விடுவது மேல். ஆகவே துப்புரவு செய்வோருக்கு நியாயமான சம்பளம் வேண்டும். சாரதியும் நடத்துனரும் குழந்தைக்காக இரண்டு நிமிடம் பஸ்ஸை நிறுத்தத் தயங்கலாகாது. கடைக்காரரும் கோயிலாரும் பாடசாலையாரும், குழந்தையோடு வந்து கேட்பவருக்குக் கதவைத் திறந்துவிடல் வேண்டும். இது எதுவும் செலவில்லாத தருமம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். புறப்படுமுன் பிள்ளையை இருத்துங்கள். வழியில் இடம் கண்டபோதெல்லாம், அது கேளாவிடினும் இருத்துங்கள். மாற்றுக் காற்சட்டை இரண்டு, ஒரு போத்தல் நீர், மூடியுள்ள சிறு பாத்திரம், இவை பையில் இருக்கட்டும். வேறு வழியே இல்லாதபோது நீர்நிலைக்கும் கிணற்றுக்கும் தொலைவில் குழி தோண்டி மூடுங்கள். சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். நனைந்துவிட்டால் ஏசாதீர்கள். தந்தையரே, இது தாயின் வேலை என்று ஒதுங்கி நிற்காதீர்கள். பிள்ளை உங்கள் பெயரையும் சுமக்கிறது.

சிறு விடயத்துக்கு இத்தனை ஆரவாரமா என்பார் சிலர். இரண்டரை வயதுக் குழந்தை வாய் திறந்து கேட்டும் விடை கொடாத சமூகம், அது வளர்ந்து வந்து பெரிய உரிமைகளைக் கேட்கும்போது என்ன விடை கொடுக்கப்போகிறது? முரசைப் பெயரில் கொண்ட ஊரிலிருந்து முரசறைந்து கூறுகிறோம். அந்தப் பிள்ளை கேட்டுவிட்டது. வேலியோரத்தைக் காட்டாமல், ஒரு கதவைத் திறந்து காட்டுங்கள்!