சிவப்பு எண்ணெயும் நம் பட்டயமும்



"கிளட்ச் பெடல் இல்லாத வண்டியில கை வைக்காதே" - இது நம் பட்டறைகளில் எழுதப்படாத சட்டம். ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் என்றால் அனுபவசாலிகளே ஓரடி பின்வாங்குகிறார்கள். ஆட்டோமொபைல் படிக்கும் நாமும் பின்வாங்கலாமா? கூடாது என்பது என் கருத்து. துணிச்சல் மட்டும் போதாது என்பதும் என் கருத்தே!

என் பெரியப்பாவிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2010 மாடல் ஹோண்டா சிட்டி, ஆட்டோமேடிக். கியர் மாறும்போது ஓர் உதறல். "பாக்ஸையே இறக்கணும் சார்" என்றார்கள் ஒரு பட்டறையில். கேட்ட தொகை அவருடைய இரண்டு மாத பென்ஷன். கடைசியாக எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். புது எண்ணெய் செக்கச்செவேல் என்று இருக்கும். இதுவோ காபி டிகாக்‌ஷன்!

"மாத்திடலாம் பெரியப்பா."

"டேய், காலேஜுல இதெல்லாம் சொல்லிக் குடுத்தாங்களாடா?"

"படம் போட்டுக் காட்டினாங்க."

"படமா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது.

இரண்டு நாள் கையேட்டைப் படித்த பிறகே ஸ்பானரைத் தொட்டேன். டார்க் கன்வெர்ட்டரில் சக்தியைக் கடத்துவது, அழுத்தம் கொடுத்து கிளட்சுகளைப் பிடிக்க வைப்பது, சூட்டைச் சுமந்து போவது எல்லாமே இங்கே எண்ணெய்தான். எனவே கையேடு சொல்லும் ரகத்தைத்தான் ஊற்ற வேண்டும். இந்த வண்டிக்கு அது டிடபிள்யூ-1. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்று நீட்டுவதை வாங்கினால் உதறல் கூடத்தான் செய்யும்.

வேலை எளிது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பவன் மெக்கானிக் அல்ல, முட்டாள்! டிரெயின் பிளக்கைக் கழற்றினால் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் இறங்கும். அதை அளந்து வையுங்கள்; அதே அளவுதான் திரும்பப் போக வேண்டும். பிளக்கின் காந்தத்தில் மை போன்ற கறுப்புப் பசை இருந்தால் பயமில்லை. உலோகச் சில்லுகள் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். புது வாஷர் போட்டு பிளக்கை முடுக்கி, டிப்ஸ்டிக் துளையில் புனல் வைத்து ஊற்றினோம். அளவு பார்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹோண்டாவில் வண்டியைச் சூடேற்றி, சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்த 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். டொயோட்டாவின் பழைய வண்டிகளிலோ என்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். இதற்குத்தான் கையேடு!

ஒரு தடவையில் ஏறக்குறைய பாதிதான் மாறும். மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே நிற்கும். பாதி பாதியாக மூன்று தடவை மாற்றினால், பழையது எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். நாங்கள் மாதம் ஒரு முறையாக மூன்று தடவை மாற்றினோம். உதறல் வெகுவாகக் குறைந்தது, முழுதும் போகவில்லை. தேய்ந்துபோன கிளட்சை எண்ணெய் வளர்த்துவிடாது. அதையும் பெரியப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன்.

கழிவு எண்ணெயைச் சாக்கடையில் கொட்டும் பழக்கத்தை நம் தலைமுறையாவது விட வேண்டும். கேனில் பிடித்துச் சேகரிப்பவரிடம் கொடுத்தோம்.

நண்பர்களே, நம் ஆய்வகத்தில் வெட்டி வைத்த மேனுவல் கியர்பாக்ஸ் இருக்கிறது. ஆட்டோமேடிக்கோ கரும்பலகையில் மட்டும். காயலான் கடையிலிருந்து ஒரு பழைய ஆட்டோமேடிக் பாக்ஸ் வாங்கித் தரும்படி நிர்வாகத்திடம் நம் பேரவை கேட்கட்டும். திறந்து பார்த்தவனுக்குப் பயம் இருக்காது. படித்துவிட்டுத் திறந்தவனுக்கு நஷ்டமும் இருக்காது.

அடுத்த முறை யாராவது "படமா?" என்று சிரித்தால், எண்ணெய்க் கறை படிந்த கையை நீட்டிக் காட்டுவோம்!

- இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு